குறிவிளக்கம் இல்லாத நோட்டு

என் மனைவி ஆற்றோர இயற்கைப் பூங்காவின் பறவை ஆய்வாளர். ஆலாக்களை எண்ணுவது அவள் வேலை. ஆலா சிறிய வெள்ளைப் பறவை. தலையில் கறுப்புத் தொப்பி போட்டதுபோல் இருக்கும், ஆற்று மணலில் முட்டையிடும். நான் அதே பூங்காவின் திட்ட அலுவலகத்தில் வரைபடம் வரைகிறேன். அவள் எண்ணுவாள், நான் வரைவேன். கல்யாணமாகி ஐந்து வருடம் அப்படித்தான் போனது.

போன கோடையில் காய்ச்சல் என்று படுத்தாள். ஐந்தாம் நாள் இறந்துபோனாள். வயது முப்பத்தொன்று.

மூன்று வாரம் கழித்து அலுவலகம் போனேன். மேஜைமேல் அவளுடைய கள நோட்டு இருந்தது. பச்சை அட்டை, ரப்பர் பேண்டு, தாள்களுக்கு நடுவில் மணல். திட்ட அதிகாரி வந்து பக்கத்தில் நின்றார். எங்கள் எல்லோருக்கும் அவர் மேடம்.

"அவங்க கையெழுத்து இங்க யாருக்கும் புரியலை. உங்களுக்குத்தான் பழக்கம். முடிஞ்சா நீங்களே கம்ப்யூட்டர்ல ஏத்திடுங்க. முடியலைன்னா சொல்லுங்க, பரவாயில்லை."

முடியும் என்றேன்.

அப்போது பூங்காவுக்குப் பத்தாண்டுத் திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. சாலையில்லாத இடத்தில் ஓட்டி விளையாடும் ஆஃப்ரோடு வண்டிக்காரர்கள் பல வருடமாக இடம் கேட்டு வந்தார்கள். கிடைக்காததால் கண்ட இடத்தில் ஓட்டினார்கள். ஓர் இடத்தைக் கொடுத்துவிட்டால் அங்கே ஓட்டுவார்கள், மற்ற இடம் பிழைக்கும் என்பது என் மனைவியின் கட்சி. அலுவலகத்தில் பாதிப் பேர் அவளை வண்டிக்காரர்களின் ஆள் என்றார்கள். வண்டிக்காரர்கள் அவளைப் பறவைகளின் ஆள் என்றார்கள். வரைபடத்தில் மூன்று நிறங்கள். பச்சை என்றால் வண்டி கூடாது. மஞ்சள் என்றால் முட்டைக் காலம் தவிர மற்ற மாதங்களில் போகலாம். பழுப்பு என்றால் எப்போதும் போகலாம். எந்த இடத்துக்கு எந்த நிறம் என்பதை அவள் நோட்டுதான் சொல்ல வேண்டும்.

நோட்டில் வரிக்கு ஓர் இடத்தின் எண். பக்கத்தில் ஒரு குறி. வடக்குப் புதர்க்காட்டுப் பக்கங்களில் 'கூடு' என்று பல இடங்களில் எழுதியிருந்தாள். ஆற்று வளைவின் மணல்திட்டுக்கு வந்தால் கூடு என்ற சொல்லே இல்லை. '38 – மு 2. 39 – மு 3. 40 – மு 2. 41 – மு 3.' இப்படி இருபத்து மூன்று வரிகள்.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு வெள்ளைப் பலகை ஒட்டியிருக்கும். செய்ய வேண்டிய வேலைகளை அதில் எழுதுவாள். செய்து முடித்ததும் பக்கத்தில் 'மு' போடுவாள். முடிந்தது. குழாய் – மு. திரைச்சீலை – மு. அம்மாவுக்குக் கண்ணாடி – மு. நான் ஏதாவது ஒரு வேலையைச் செய்துவிட்டுப் பாராட்டுக்காக வந்து நின்றால், "மு போட்டியா, அதைச் சொல்லு," என்பாள். சண்டை போட்டுச் சமாதானமானாலும் மு தான்.

எனவே 'மு 2' என்றால் இரண்டாம் சுற்று ஆய்வு முடிந்தது. 'மு 3' என்றால் மூன்றாம் சுற்று முடிந்தது. எனக்கு ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. யாரையும் கேட்கவில்லை. 'ஆய்வு முடிந்தது, கூடு இல்லை' என்று இருபத்து மூன்று தடவை ஏற்றினேன். அந்த மாதத்தில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான் என்று நினைத்தேன்.

மணல்திட்டு பழுப்பானது.

ஆஃப்ரோடு கிளப்பின் செயலாளர் என் மச்சினன். அவளுடைய தம்பி. வண்டிப் பட்டறை வைத்திருக்கிறான். அக்காவும் தம்பியும் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தால் நான் தட்டை எடுத்துக்கொண்டு சோபாவுக்குப் போய்விடுவேன்.

"உன் வண்டி சத்தத்துல என் பறவைக்குக் காது போயிடும்டா."

"அதுக்குக் காது எங்க இருக்கு? ஒண்ணே ஒண்ணு காட்டு, வண்டியை வித்துடறேன்."

"உனக்கு மட்டும் இருக்கா? அம்மா உன்னைப் பத்துத் தடவை கூப்பிட்டாச்சு."

"மாமா, உங்க வீட்டம்மாவுக்குக் கொஞ்சம் பச்சை அடிச்சு மூடி வைங்க."

பழைய கல்குவாரியைத் தருகிறேன் என்று அவனிடம் சொல்லியிருந்தாள். குவாரி சின்னது என்று முறுக்கினான். ஓட்டத் தெரிந்தவனுக்கு அது போதும் என்றாள். அவள் போன பிறகு வந்த வரைபடத்தில் குவாரியோடு மணல்திட்டும் பழுப்பாக இருந்தது. அதை விரித்துப் பார்த்தவன் வெகுநேரம் நிமிரவில்லை.

"அக்கா எனக்காக விட்டுக் கொடுத்துட்டா மாமா. ஒரு வார்த்தை சொல்லாம."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கிளப்பில் அந்த வளைவுக்கு 'அக்கா லூப்' என்று பெயர் வைத்தார்கள். அவனைத் தவிர யாருக்கும் அவள் அக்கா இல்லை. இருந்தாலும் அறுபது வயதுக்காரர்கூட அக்கா லூப் என்றார். பலகை எழுதி நட்டார்கள்.

இந்த ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு வண்டிகள் அங்கே சோதனை ஓட்டம் போயின. அடுத்த ஞாயிறு திறப்பு விழா, நாற்பது வண்டிகள். திங்கட்கிழமை காலையில் மச்சினன் போன் செய்தான்.

"நீங்க வந்திருக்கணும் மாமா."

"வேலை இருந்துச்சு."

"ஞாயித்துக்கிழமை அப்படி என்ன வேலை? சரி விடுங்க, கேளுங்க. லூப்புக்குள்ள இறங்கினதுமே வெள்ளைப் பறவைங்க. முப்பது நாப்பது இருக்கும். என் வண்டிக்கு மேலேயே பறந்து வந்துச்சுங்க மாமா. இவ்வளவு கிட்ட. நாலு சுத்து சுத்தினேன். நாலு சுத்தும் என்னை விடவே இல்லை."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அக்காவே கூட வந்த மாதிரி இருந்துச்சு." பிறகு, "பதினோரு மாசத்துல நேத்துதான் மாமா நல்லாத் தூங்கினேன்," என்றான்.

நல்லது என்றேன். ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று பார்க்கவில்லை.

மறுநாள் தொப்பி வந்தார். எப்போதும் தொப்பி போட்டிருப்பதால் பூங்காக் காவலருக்கு அந்தப் பெயர். குளிக்கும்போது மட்டும் அதைக் கழற்றுவார் என்பார்கள். அதற்கும் சாட்சி கிடையாது. என் மனைவியோடு ஐந்து வருடம் மணலில் நடந்தவர். அவள் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியதால் அவருக்கு அவள் டாக்டரம்மா. ஆற்றில் இரண்டு வகைத் தொப்பி இருக்கிறது, அதில் ஒன்றுதான் முட்டையிடும் என்று அவரை வைத்துக்கொண்டே சொல்வாள். அவள் இறந்த மாதமே அவரை வடக்கு வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். நான் அவரைப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

"வாசல்ல ஒட்டச் சொல்லி மேப் வந்துச்சு சார். ஒட்டிட்டு நின்னு பார்த்தேன். ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"நம்ம முட்டையெல்லாம் எங்க சார்?"

"எந்த முட்டை?"

"ஆலா முட்டை. மணல்திட்டுல. போன வருஷம் டாக்டரம்மாவும் நானும் எண்ணினோமே. இருபத்து மூணு இடம்."

இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன்.

"கூடுன்னு எங்கேயுமே எழுதலையே."

"ஆலா எங்க சார் கூடு கட்டுது? வெறும் மணல்ல போட்டுட்டு மேல உட்காரும், அவ்வளவுதான். அதனால கூடுன்னு எழுத மாட்டாங்க." வரியில் விரலை வைத்தார். "இதோ பாருங்க. மு ரெண்டு. ரெண்டு முட்டை. மு மூணு, மூணு முட்டை. நான் குனிஞ்சு எண்ணிச் சொல்லுவேன், அவங்க எழுதுவாங்க."

நான் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் முடிஞ்சதுன்னு நினைச்சேன்," என்றேன்.

"என்ன முடிஞ்சது?"

அவருக்கு விளங்கவில்லை. விளங்கவைக்க எங்கள் சமையலறையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நோட்டின் முதல் பக்கத்தில் குறிவிளக்கம் எழுது என்று அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எந்தக் குறிக்கு என்ன பொருள் என்று நாலு வரி. வரைபடம் வரைகிறவனுக்கு அது பல் தேய்ப்பது மாதிரி.

"யாரு படிக்கப் போறா? நானும் தொப்பியும்தானே," என்பாள்.

"நான் படிப்பேனே."

"உனக்கு எதுக்குக் குறிவிளக்கம்? உனக்குத்தான் என்னைத் தெரியுமே."

தொப்பியிடம் ஒன்றுதான் கேட்டேன். "பறவைங்க தலைக்கு மேலேயே பறந்து கூட வந்தா என்ன அர்த்தம்?"

"கீழ முட்டை இருக்குன்னு அர்த்தம். கூட வராது சார், விரட்டும். டாக்டரம்மா தலையில கொத்தி ரத்தமே வந்திருக்கு. தொப்பி போடுங்கன்னா கேட்டாத்தானே." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "வண்டி இன்னும் விடலைல்ல சார்?"

அன்று மாலை வீட்டுக்குப் போய்ப் பலகையைப் பார்த்தேன். பதினோரு மாதமாக நான் அதை அழிக்கவில்லை. கடைசி வரி, பால்கனித் தாழ்ப்பாள். பக்கத்தில் மு இல்லை. தாழ்ப்பாள் இன்னும் ஆடுகிறது. கயிறு கட்டி வைத்திருக்கிறேன்.

புதன்கிழமை காலை மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். மச்சினன் போனில் சொன்னதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"தரவுப் பிழைன்னு ஒரு வரி போடுங்க. போதும்."

"தப்பாப் படிச்சது நான்."

"தெரியும். படிக்கக் கொடுத்தது நான்."

திட்டம் இறுதியாகிவிட்டது. இனி ஓர் இடத்தின் நிறத்தை மாற்ற வேண்டுமானால் பூங்கா, கிளப் இரண்டு தரப்பும் கையெழுத்திட வேண்டும். அந்த விதியை எழுதியதும் என் மனைவிதான். ஒரு தரப்பு தன்னிச்சையாக மாற்றினால் அடுத்த நாளே மற்றவன் எல்லாக் கோட்டையும் தாண்டுவான் என்பாள். ஞாயிற்றுக்கிழமை நாற்பது வண்டிகள். அதற்குள் மச்சினன் கையெழுத்திட வேண்டும்.

"போட்டுடுவார்ல?"

"போட்டுடுவான்."

"அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லியாகணும்னு இல்லை," என்றார் மேடம், என்னைப் பார்க்காமல்.

பட்டறைக்குப் போனேன். மச்சினன் ஒரு டயரைக் கழற்றிக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரால் அதன் பள்ளங்களில் சிக்கிய கற்களை நெம்பி எடுத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மாமா. அதுல உட்காராதீங்க, கிரீஸ். இந்த ஸ்டூல்ல உட்காருங்க. மெலிஞ்சுட்டே போறீங்க, வீட்ல அடுப்பு எரியுதா இல்லையா?"

"எரியுது."

"எரியுதுன்னா வெந்நீருக்கா? வண்டியை இன்னும் கழுவலை பாருங்க. அக்கா லூப் மண்ணு. இருக்கட்டும்னு விட்டுட்டேன். இந்தக் கல்லை மட்டும் எடுத்தாகணும், ஓடறப்போ தெறிச்சா பின்னாடி வர்றவன் கண்ணாடி போயிடும்."

தாளை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். படித்தான். மறுபடி படித்தான்.

"மஞ்சளா? எப்போலேருந்து?"

"இன்னிக்கிலேருந்து. முட்டைக் காலம் முடியற வரைக்கும்."

"ஞாயித்துக்கிழமை திறப்பு மாமா. நாப்பது பேர் வர்றான். விளையாடறீங்களா?"

"தரவுப் பிழை."

"மனுஷன் பேசற மாதிரி சொல்லுங்க."

"எண்ணிக்கையில ஒரு தப்பு."

"யாரு எண்ணினது? அக்காதானே எண்ணினா?" தாளைத் திருப்பி நீட்டினான். "அக்கா தப்பா எண்ண மாட்டா. அவ எனக்குக் கொடுத்துட்டுப் போனதை உங்க ஆபீஸ் பிடுங்குது. அதுக்கு உங்களையே அனுப்பியிருக்காங்க. நீங்களும் தாளைத் தூக்கிட்டு வந்துட்டீங்க."

ஆமாம், ஆபீஸ்தான் என்று சொல்லிவிட்டால் போதும். திட்டுவான். ஒரு வாரம் பேச மாட்டான். பிறகு கையெழுத்திடுவான். பறவைகள் அவனோடு பறந்தபடியே இருக்கும். வரும் வழியெல்லாம் நான் அதைத்தான் ஒத்திகை பார்த்திருந்தேன்.

அவன் கோபத்தோடு டயரை நெம்பினான். ஒரு கல் விழுந்தது. இன்னொரு கல். அதோடு கல் அல்லாத ஒன்று. நகத்தளவுதான். மணல் நிறத்தில் கறுப்புப் புள்ளிகள். உள்பக்கம் வெள்ளை.

குனிந்து எடுத்தேன். கனமே இல்லை.

"என்ன மாமா அது?"

உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அவளோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன். அவள் தீப்பெட்டிகளில் பஞ்சு வைத்துச் சேர்த்ததையெல்லாம் பார்த்தவன்.

"முட்டை ஓடு," என்றான்.

அதற்குமேல் என்னால் ஒத்திகைப்படி பேச முடியவில்லை. ஃப்ரிட்ஜ் பலகையிலிருந்து ஆரம்பித்தேன். மு. முடிந்தது. முட்டை. தொப்பி வந்து சொன்னது. எல்லாம் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"சின்ன வயசுல என் ஹோம்வொர்க் நோட்டுல அவதான் மு போடுவா," என்றான் மெதுவாக. "நான் படிச்சிருந்தாலும் முடிஞ்சதுன்னுதான் படிச்சிருப்பேன்."

"நீ படிக்கலை. நான் படிச்சேன்."

"அப்போ அந்தப் பறவைங்க?"

நான் உள்ளங்கையை மூடிக்கொண்டேன்.

"மாமா. அந்தப் பறவைங்க?"

"விரட்டியிருக்கு."

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு சுத்து," என்றான்.

பேனா கேட்டான். கொடுத்தேன். கையெழுத்துக்குக் கீழே கிரீஸ் விரல் பதிந்தது. மேடம் வேறு தாள் கேட்கவில்லை. காரணம் என்ற கட்டத்தில், 'குறி தவறாக வாசிக்கப்பட்டது. வாசித்தவர்: வரைபடப் பிரிவு' என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன்.

வியாழக்கிழமை காலை வெயில் ஏறுமுன் மணல்திட்டுக்குப் போனோம். தொப்பி, நான், மச்சினன். அவனை நான் கூப்பிடவில்லை. வாசலில் நின்றுகொண்டிருந்தான். வண்டி கொண்டுவரவில்லை. அக்கா லூப் பலகையைப் பிடுங்கி வேலியோரமாகக் கவிழ்த்து வைத்திருந்தான்.

"பத்து நிமிஷம்தான்," என்றார் தொப்பி. "நம்மளைப் பார்த்து அதுங்க எழுந்துட்டா முட்டை வெயில்ல வெந்துடும். நின்னு அழறதுன்னா கரையில வந்து அழுதுக்கலாம்."

மணலில் கால் வைத்ததும் எழுந்தன. வெள்ளை வெள்ளையாக, தலைக்கு மேல், கத்திக்கொண்டு. ஒன்று மச்சினன் நெற்றிக்கு நேராக இறங்கிக் கடைசி நொடியில் விலகியது. தொப்பி தன் தொப்பியைக் கழற்றி அவனிடம் நீட்டினார். அடியில் வழுக்கை இருக்கும் என்று எல்லோரும் பந்தயம் கட்டியிருந்தோம். நரைத்த முடி நிறைய இருந்தது.

"போட்டுக்கோங்க தம்பி. கொத்தும்."

"வேண்டாம்ணே. கொத்தட்டும்."

தொப்பி குனிந்து எண்ணிச் சொன்னார். நான் புது நோட்டில் எழுதினேன். முதல் பக்கத்தில் முந்தைய நாளே குறிவிளக்கம் எழுதிவிட்டேன். மு – முட்டை.

"முப்பத்தெட்டு. போன வருஷத்து இடத்துலயே போட்டிருக்கு. மு ரெண்டு."

எழுதினேன்.

"முப்பத்தொம்பது." நின்றார். டயர் தடம் அதன்மேல் போயிருந்தது. மணலில் மஞ்சள் கரு காய்ந்து எறும்பு மொய்த்தது. "அடுத்தது பார்ப்போம்."

இந்த வருடம் பத்தொன்பது இடங்களில் முட்டை இட்டிருந்தன. எட்டு மிச்சம். பதினொன்றின் மேல் தடம். எந்தத் தடம் எந்த வண்டியுடையது என்று டயர் மாட்டுகிறவனுக்குத் தெரியாமல் இருக்காது. அவன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான்.

பத்து நிமிடத்தில் கரையேறிப் புல்லில் உட்கார்ந்தோம். பறவைகள் ஒவ்வொன்றாக இறங்கின. மணலில் உட்கார்ந்ததும் காணாமல் போயின.

ஒன்று மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் இறங்கியது. டயர் தடத்தின் பள்ளத்தில் போய் நின்று, நெஞ்சை இப்படியும் அப்படியும் அசைத்து இடம் பார்த்து உட்கார்ந்தது.

"அது ஏன் அங்க உட்காருது?" என்று கேட்டான் மச்சினன்.

"அங்கதான் போட்டுச்சு."

"அங்க ஒண்ணும் இல்லையே அண்ணே."

"இல்லைதான். இன்னும் ரெண்டு மூணு நாள் உட்காரும் தம்பி. அப்புறம் அதுவே எழுந்து போயிடும்."

மச்சினன் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். நான் அவன் முதுகில் கை வைத்தேன். எடுக்கத் தோன்றவில்லை. பள்ளத்தில் அந்தப் பறவை சிறகை லேசாக விரித்துக் கீழே நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது.

"அது நாப்பத்தொண்ணு சார்," என்றார் தொப்பி. "எழுதிட்டீங்களா?"

எழுதியிருந்தேன். 41-க்கு நேராக 'மு' என்று மட்டும். பக்கத்தில் எண் இல்லை. முதல் பக்கத்தில் நான் எழுதிய குறிவிளக்கத்துக்கு அது பொருந்தாது. மாற்றவில்லை.

மச்சினன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நோட்டை எட்டிப் பார்த்தான். அந்த வரியைப் படித்தான். என்னவென்று கேட்கவில்லை.